ஊத் வுட்ல ஊத் எங்கே? அப்பா கேக்குறார், பதில் சொல்லத் தெரியலை

ஓஎம்ஆர்_வாசி (கேள்வி)

வணக்கம் மக்களே. வாசனை விஷயத்துல நான் கத்துக்குட்டி. ஆபீஸ் சீனியர் ஒருத்தர் டாம் ஃபோர்ட் கம்பெனியோட ஊத் வுட் சென்ட்ல இருந்து 5 மில்லி டெகன்ட் (சின்னக் குப்பியில மாத்தினது) கொடுத்தார். "மசாலாவும் மரமும் சேர்ந்த வாசனை, அவசரப்படாம போட்டுப் பாரு"ன்னார். போட்டேன், பிடிச்சிருக்கு. எதனால பிடிச்சிருக்குன்னுதான் சொல்லத் தெரியலை.

அடிச்ச உடனே ஏலக்காய். பாயசத்து ஏலக்காய் இல்லை, பச்சைக் காயை நகத்தால கீறினா மூக்குல ஜில்லுனு ஏறுமே, அது. கூடவே மிளகு மாதிரி ஒரு சுருக். கொஞ்ச நேரத்துல அது அடங்கி வழவழன்னு ஒரு மரம் வருது. சந்தனம்னு சொல்லலாம், ஆனா கோயில்ல குடுக்கிற சந்தனம் இல்லை. சாயங்காலம் சட்டைக் கையை மோந்தா லேசா வெனிலா, கொஞ்சம் காய்ஞ்ச புல்லு.

அப்பா ஷார்ஜாவுல ஸ்டோர் கீப்பரா இருந்துட்டு வந்தவர். பீரோவுல சின்னக் குப்பியில ஊத் எண்ணெய், அதான் அரபுக்காரங்க போடுற மரத்து அத்தர், வச்சிருக்கார். கல்யாணம் காட்சின்னா காதுக்குப் பின்னாடி ஒரு தொடு, அவ்வளவுதான். என் மணிக்கட்டை மோந்துட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு. இதுல ஊத் எங்கடா?"ன்னார். தன் குப்பியையும் திறந்து காட்டினார். ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை! அவரோடது புகை, தோல், மாட்டுக் கொட்டகை எல்லாம் சேர்ந்து அடிக்குது. அம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துட்டாங்க.

அப்போ பாட்டில்ல இருக்கிற 'ஊத்' எது? நான் மோக்குறதுல அது எந்த இடம்? 50 மில்லி இருபதாயிரத்தைத் தாண்டுது, வாங்கற யோசனை இருக்கு. அதுக்கு முன்னாடி என்னத்தைப் போட்டுக்கிறேன்னு தெரிஞ்சுக்கணும்.

தேரா_பாய்

தம்பி, உங்கப்பா மூக்குல ஒரு குறையும் இல்லை.

நான் கீழக்கரைக்காரன். துபாய் தேராவுல, கோல்டு சூக்குக்குப் (சூக்னா சந்தை) பக்கத்துல இருக்கிற பெர்ஃப்யூம் சூக்குல ஒரு கடையில வேலை. எண்ணெயும் விக்கிறோம், பிரெஞ்சு பாட்டிலும் விக்கிறோம். நீங்க கேட்ட கேள்வியை வேற வேற பாஷையில கேட்டுக்கிட்டுத்தான் பொழுது போகுது.

முதல்ல உங்கப்பா குப்பி. அது தஹ்னுல் ஊத், அரபியில ஊத் எண்ணெய்னு அர்த்தம். அக்விலாரியான்னு ஒரு மரம், நம்ம பழைய பாட்டுல எல்லாம் அகில்னு வருதே, அந்த வகை. நல்லா இருக்கிற மரத்துக்கு வாசனையே கிடையாது, வெளுத்த லேசான கட்டை. பூச்சி துளைச்சோ, கிளை முறிஞ்சோ காயம் பட்டு, அதுல பூஞ்சை ஏறினா, மரம் தன்னைக் காப்பாத்திக்கப் பிசின் சுரக்கும். அந்தப் பிசின் ஊறி ஊறி உள்கட்டை கருத்துப் போகும். அந்தக் கருப்புக் கட்டைதான் ஊத். காட்டுல எல்லா மரத்துலயும் இது வராது. வெட்டித் தள்ளிட்டாங்கன்னுதான் 1995ல மலாக்கா வகையையும் 2004 மாநாட்டுல மொத்த இனத்தையும் சைட்டீஸ் பட்டியல்ல (அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) சேர்த்தாங்க. இப்போ தோட்டத்துல வளர்த்து, துளை போட்டுப் பூஞ்சை ஏத்துறாங்க.

அஸ்ஸாம்ல ஹோஜாய்னு ஒரு ஊர். இங்க பெரிய பேர் எடுத்த அஜ்மல் குடும்பமே அங்கிருந்து வந்தவங்கதான். அந்தப் பக்கம் கட்டையைச் சிராய்ச்சுத் தண்ணியில வாரக்கணக்குல ஊறப் போட்டுத்தான் காய்ச்சுவாங்க. ஊறும்போது புளிச்சுப் போகும். உங்கம்மா ஜன்னலைத் திறந்தாங்களே, அந்தக் கொட்டகை வாடைக்குக் காரணம் அதுதான். இங்க அதுக்கு 'ஹிந்தி'ன்னு பேர், பழகினவங்களுக்கு அதுக்கு மேல கிடையாது. கம்போடியா எண்ணெய் வேற மாதிரி, பழம் மாதிரி இனிச்சுக்கிட்டு வரும். புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் முதல்ல காட்டுவேன், ஓடிப் போயிடக் கூடாதில்ல.

இந்த ஊர் அரபுக்காரங்க வாங்குற விதத்தைச் சொல்லணும். பெரியவர் ஒருத்தர் வருவார். குப்பி மூடியில இருக்கிற கண்ணாடிக் குச்சியால புறங்கையில ஒரு கோடு இழுப்போம். உடனே மோக்க மாட்டார். விலை கேக்க மாட்டார். டீ குடிப்பார், எங்க வாப்பா காலத்துக் கதை பேசுவார், அஸர் தொழுகைக்குப் போயிடுவார். திரும்பி வந்து கடை வாசல்ல நின்னுக்கிட்டே கையை மூக்குக்கிட்ட கொண்டு போவார். அப்போ முகம் மலர்ந்தா வியாபாரம் முடிஞ்சுது, ஒரு தோலாவோ அரைத் தோலாவோ கட்டிக்கலாம். தோலான்னா 11.66 கிராம். மலரலைன்னா சலாம் சொல்லிட்டுப் போயிட்டே இருப்பார். புளிச்ச வாடை முதல்ல அடிச்சுட்டு, அப்புறம் அடியில இருந்து இனிப்பும் தோலும் புகையும் எழும்பி வரும். அந்தப் பின்பாதிக்குத்தான் காசு.

இப்போ உங்க பாட்டில். பாரிஸ் கடைகளுக்கு ஊத் வந்தது ரொம்ப லேட்டு. 2002ல ஈவ் சாங் லோரான் கம்பெனி எம்7னு ஒரு ஊத் சென்ட் விட்டுச்சு. அப்போ அங்க பொறுப்புல இருந்தவர் இதே டாம் ஃபோர்ட்தான். செஞ்சவங்க அல்பெர்தோ மொரியாஸ், ழாக் கவாலியே. விளம்பரத்துல ஒரு ஆம்பளையை ஒட்டுத் துணி இல்லாம உக்கார வச்சிருந்தாங்க, அதைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. வாசனை கனமா, கசாயம் மாதிரி இருக்கும். அன்னிக்கு அதை வாங்க ஆள் அதிகம் வரலை. ஃபோர்ட் 2004ல வெளிய வந்து சொந்தக் கம்பெனி தொடங்கி, 2007ல பிரைவேட் பிளெண்ட்னு ஒரு வரிசை விட்டார். அதுல ஒண்ணு ஊத் வுட். செஞ்சவர் ரிச்சர்ட் ஹெர்பின். எம்7ல என்னென்ன முரண்டு பிடிச்சுதோ அதையெல்லாம் இதுல இழைச்சுத் தள்ளிட்டாங்க. கொட்டகை கிடையாது, புளிப்பு கிடையாது, புகை பேருக்குத்தான்.

உங்கப்பாவுக்கு ஊத் தெரியாததுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. வளைகுடாவுல ஊத் தனியா வர்றதைவிடக் கூட்டத்தோட வர்றதுதான் அதிகம். சவுதியோட தாயிஃப் ரோஜா, குங்குமப்பூ, கஸ்தூரி, அம்பர். இங்க இருந்து பழகின மூக்கு ரோஜாவும் குங்குமப்பூவும் வந்தாலே பின்னாடி ஊத் வருதுன்னு தயாராயிடும். ஊத் வுட்ல அந்தக் கூட்டாளிங்க ஒருத்தர்கூட முன்னாடி வர்றதில்லை. வாசல்ல நிக்கிறது ஏலக்காய். இங்க ஏலக்காய்னா என்ன? கஹ்வா, ஏலக்காய் போட்ட அரபுக் காப்பி. கடையில டெஸ்டரை நீட்டினா ஊர்க்காரங்க பாதிப் பேர் சிரிச்சுக்கிட்டே "கஹ்வா!"ன்னுதான் சொல்வாங்க. ஊத்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால பேரை மறந்துட்டு மோந்து பாருங்க. ஏலக்காய்க்குப் பக்கத்துல சுருக்குன்னு இருக்கிறது சீன மிளகு. அது நம்ம மிளகுக் கொடி இனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். அதனாலதான் காரத்துல ஒரு எலுமிச்சைத் தோல் வாசம் இருக்கு. அடுத்து ரோஸ்வுட். நம்ம வீட்டுக் கட்டில் செய்யுற ஈட்டி மரம்னு நினைச்சுக்காதீங்க, இது அமேசான் காட்டு மரம், எண்ணெய் பூ மாதிரி மென்மையா இருக்கும். மசாலாவுல இருந்து மரத்துக்குப் போகும்போது தடுக்காம இறக்கி விடுறது அதுதான். நீங்க சொன்ன 'வழவழ' அங்க ஆரம்பிக்குது. அப்புறம் சந்தனம், வெட்டிவேர். காய்ஞ்ச புல்லுன்னீங்களே, அது டொன்கா விதையும் வெட்டிவேரும். சபாஷ், அதைப் பிடிச்ச மூக்கு கத்துக்குட்டி மூக்கு இல்லை.

ஊத் எங்கேன்னா, நடுவுல. ஏலக்காய் போய்ச் சந்தனம் வர்ற இடைவெளியில, மணிக்கட்டை மூக்குல ஒட்டி மோந்தா ஒரு கசப்பு தட்டும். மருந்துக் கடை அலமாரியும் புதுத் தோல்செருப்பும் கலந்த கசப்பு. அது இல்லைன்னா மொத்தமும் ஏலக்காய் போட்ட பால்பாயசமாப் போயிருக்கும். வாசனையை நிமிர்த்தி வச்சிருக்கிறதே அந்தக் கசப்புதான். என் கணக்குல இது ஊத் வாசனை இல்லை, ஊத் லேசாத் தொட்ட ஏலக்காய்-சந்தன வாசனை. அந்த வகையில அருமையான சாமான். சத்தம் போடாது, பக்கத்துல உக்காந்தவனுக்கு மட்டும் தெரியும்.

50 மில்லி இப்போ வேண்டாம். ஒரு ஸ்ப்ரேன்னா சுமார் 0.1 மில்லி. கையில இருக்கிற 5 மில்லியே ஐம்பது அடி. அது தீரட்டும்.

ஆய்வகத்து_அக்கா

பாய் எழுதினதுக்கு மேல சேர்க்க ரெண்டு மூணு விஷயம்தான். நான் வாசனைப் பொருள் தர ஆய்வுல வேலை பார்த்தவள்.

முதல் விஷயம், பாட்டில்ல உண்மையான ஊத் எண்ணெய் எவ்வளவுங்கிற வாதம் எல்லா இடத்துலயும் நடக்குது. ஃபார்முலா கம்பெனி ரகசியம், அட்டையில 'பெர்ஃப்யூம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா பொதுவா நடைமுறை என்னன்னா, ஜிவோடான், ஃபிர்மெனிக் மாதிரி வாசனை மூலப்பொருள் கம்பெனிகள் ஊத் வாசனைக்குன்னே தயாரா ஒரு கலவை வச்சிருக்காங்க. காய்ச்சி எடுத்த எண்ணெய் ஒரு தடவை மாதிரி மறு தடவை இருக்காது. உலகம் முழுக்க ஒரே வாசனையா விக்கணும்னா கலவை இல்லாம முடியாது. அதைப் 'போலி'ன்னு சொல்றது எனக்குப் பிடிக்கறதில்லை. சந்தனத்துலயும் இதே கதைதான். நல்ல இந்தியச் சந்தன எண்ணெய்ல சாண்டலால், அதான் அந்த வாசனையைத் தர்ற பொருள், குறைஞ்சது 90 சதவீதம் இருக்கணும்னு தர நிர்ணயம் இருக்கு. அந்தத் தரத்துல, அந்த அளவுல, எல்லாருக்கும் போதுமான மரம் இல்லை. ஜாவனால் மாதிரிச் செயற்கைப் பொருள்கள் வந்து நிக்கிறது அந்த இடத்துலதான்.

அடுத்தது தம்பி கேட்காம விட்ட கேள்வி: ஏன் ஏலக்காய் முதல்ல, வெனிலா கடைசியில? ஏலக்காயோட அந்த ஜில்லுக்குக் காரணம் சினியோல். யூகலிப்டஸ் தைலத்துல இருக்கிற அதே பொருள். சின்ன மூலக்கூறு, சட்டுனு ஆவியாகும். ரோஸ்வுட்ல பெரும்பகுதி லினலூல், அது கொஞ்சம் தாங்கும். சாண்டலால், வெட்டிவேர்ப் பொருள்கள், டொன்காவுல இருக்கிற கூமரின், வெனிலின் எல்லாம் மெதுவாத்தான் கிளம்பும். சென்னை மே மாசத்துல வெயில்ல நின்னுக்கிட்டு அடிச்சா ஏலக்காய்ப் பகுதி பேருந்து வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். இதை முழுசாப் பார்க்கணும்னா குளிச்சு ஈரம் துடைச்சுட்டு, ஃபேன் போடாம, முழங்கை மடிப்புல ஒரு அடி, சட்டை உள்பக்கம் ஒரு அடி. தோல்ல வேகமா நகரும், பருத்தியில மெதுவா நகரும். ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்தா கதை புரியும்.

மணிக்கட்டு ரெண்டையும் தேய்க்கிற பழக்கம் இருந்தா விடுங்க. மூலக்கூறு உடையும்னு சொல்றதெல்லாம் கதை. தேய்ச்சா சூடேறி மேல்பகுதி சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான். கடைகள்ல காப்பிக்கொட்டை நீட்டுவாங்க, மூக்கைச் சுத்தம் பண்ணும்னு. வெறும் காத்து மோந்தாலே போதும். ஒரே வாசனையில இருந்தா மூக்கு பழகிப் போய்ச் சொல்றதை நிறுத்திடும். "போயிடுச்சு"ன்னு நினைச்சு நீங்க மறுபடி அடிக்கும்போது, லிஃப்ட்ல உங்களோட வர்றவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

வெட்டிவேர்_சாமி

எல்லாரும் பேரைப் பார்த்து மயங்குறீங்க. அந்த ஏலக்காயும் மரமும்தான் பிடிச்சிருக்குன்னா, தம்பி, அதுக்கு ஊத் வுட் வரைக்கும் போகணுமா? கார்ட்டியே டெக்லரேஷன்னு ஒண்ணு, 1998. ழான் க்ளோத் எல்லேனா செஞ்சது. ஏலக்காய்தான் அதுல கதாநாயகன். கூடவே லேசா சீரக வாடை, வேர்த்த சட்டை மாதிரி. சிலருக்கு அது ஆகாது, எனக்கு அது இல்லாம ஆகாது.

அதே மனுஷன் எர்மெஸ் கம்பெனிக்குப் போய் 2006ல தேர் தெர்மெஸ் பண்ணினார். ஆரஞ்சுத் தோல், மிளகு, சீடர் மரம், வெட்டிவேர், அடியில சிக்கிமுக்கிக் கல்லை உரசின மாதிரி ஒரு வறட்சி. நான் கடலூர்ப் பக்கம், வெட்டிவேர் தோண்டுற மணல்ல வளர்ந்தவன். வேரைப் பிடுங்கி உதறும்போது வர்ற வாசத்துக்கு ஓரளவாவது பக்கத்துல வந்த வெளிநாட்டு பாட்டில் அதுதான். வேர்க்க வேர்க்க நல்லா இருக்கும். ஊத் வுட் ஏசி ரூமுக்குச் செஞ்சது, ஓஎம்ஆர் டிராஃபிக்ல பைக்ல போறவனுக்குச் செஞ்சது இல்லை.

விலையும் பாதிக்கும் கீழ. அவ்வளவுதான் சொல்லிட்டேன், அடிக்க வராதீங்க.

தேரா_பாய்

சாமி அண்ணே, டெக்லரேஷன் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. எல்லேனா ஏலக்காயைக் கூர் தீட்டி வச்சிருப்பார், கடைசி வரைக்கும் குத்திக்கிட்டே இருக்கும். ஹெர்பின் அதைப் பாலுக்குள்ள இறக்கிடுவார். கூர் பிடிச்சவனுக்கு இது மந்தம், இதைப் பிடிச்சவனுக்கு அது சண்டைக்காரன். தம்பி எழுதினதுல 'வழவழ'ன்னு ஒரு சந்தோஷம் தெரிஞ்சுது, அதனால அவருக்கு டெக்லரேஷன் சரிப்படுமான்னு எனக்குச் சந்தேகம்.

தேர் தெர்மெஸ் பத்தி மறுபேச்சே இல்லை. எங்க கடையில லிஃப்ட் வேலைக்கு வர்ற மலையாளப் பையன்ல இருந்து வங்கி மேனேஜர் வரைக்கும் அதைத்தான் கேக்குறாங்க.

ஓஎம்ஆர்_வாசி

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி ஃபேனை நிறுத்திட்டு, முழங்கையில ஒண்ணு, சட்டை உள்பக்கம் ஒண்ணு அடிச்சுப் பார்த்தேன். சட்டையில ஏலக்காய் இருக்கும்போதே கையில மரம் வந்துடுச்சு. மாத்தி மாத்தி மோந்ததுல பாய் சொன்ன அந்தக் கசப்பு கிடைச்சுது. புதுச் செருப்புன்னு நீங்க எழுதலைன்னா அது எனக்குப் பிடிபட்டிருக்காது. அப்பாகிட்டயும் நீட்டினேன். ரொம்ப நேரம் மோந்துட்டு, "இருக்கு, ஆனா பக்கத்து வீட்ல இருக்கு"ன்னார். அவர் ஒத்துக்கிட்டதே பெரிசு.

சாமி அண்ணே, டெக்லரேஷன் டெஸ்டர் எங்கயாவது கிடைச்சா மோந்துட்டு வந்து சொல்றேன்.

பாய், ஒரு சந்தேகம். அப்பா எண்ணெயை ஒரு தொடு வச்சு, அதுக்கு மேல ஊத் வுட் அடிச்சா என்ன ஆகும்? அவர்கிட்ட கேட்டா "வீணடிக்காதே"ங்கிறார். அடுத்த மாசம் மாமா பையன் கல்யாணம், வேட்டி சட்டை.

தேரா_பாய்

நடக்கும், இங்க எல்லாரும் செய்யுறதுதான். மேல மேலன்னு ஒரே இடத்துல வேண்டாம், எண்ணெய் அதைத் தின்னுடும். எண்ணெயைக் காதுக்குப் பின்னாடியும் நெஞ்சுலயும் குச்சி நுனியால ஒரு புள்ளி. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வச்சிடுங்க, அந்தப் புளிச்ச வாடை அதுக்குள்ள அடங்கட்டும். கிளம்பும்போது ஊத் வுட், சட்டை உள்பக்கம் ரெண்டு அடி. எண்ணெய்ல இல்லாத குளிர்ச்சியை ஏலக்காய் கொடுக்கும், ஊத் வுட்ல இல்லாத அடிக்கட்டையை உங்கப்பா குப்பி கொடுக்கும். ரெண்டுலயும் மர வாசனை இருக்கிறதால முட்டிக்காது.

உங்கப்பாகிட்ட அது ஹிந்தியா கம்போடியான்னு கேட்டுக்கோங்க. கொட்டகைன்னு எழுதினதைப் பார்த்தா ஹிந்திதான். அப்படின்னா ஒரு புள்ளிக்கு மேல போகாதீங்க, பந்தியில பக்கத்து இலைக்காரர் எழுந்து போயிடுவார்.

அப்புறம் வெள்ளைச் சட்டைன்னா எண்ணெய் காய்ஞ்சப்புறம்தான் மாட்டணும். உள்ள பனியன் கட்டாயம். தஹ்னுல் ஊத் கறை மஞ்சளும் பழுப்புமா விழும், எந்த சோப்புக்கும் அசையாது.